சிரிக்கும் கிழவிக்கு ஒரு நாற்காலி

கிட்டே வந்து உட்காருங்கள், என் செல்வங்களே. காது மந்தமானவர்கள் முன்னால் வரலாம். முட்டி வலிக்காரர்கள் காலை நீட்டிக்கொள்ளலாம், நான் தவறாக நினைக்க மாட்டேன். செத்துப்போன ஒரு வீதிக்கு உயிர் கொடுத்த கதையை இன்று சொல்லப்போகிறேன். கதையில் ஒரு முட்டாள் வருவாள். யார் அவள் என்று கடைசிவரை தேடிக் கஷ்டப்பட வேண்டாம். நான்தான்.

எங்கள் கடை நகரத்தின் நடுவீதியில் இருந்தது. அதை அகலமான கடை என்று சொன்னால் அகலத்துக்கே கோபம் வரும். ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, பித்தான் டப்பாக்கள் அடுக்கிய அலமாரி, உடை மாற்றிப் பார்க்க ஒரு திரை. திரைக்குப் பின்னால் யாராவது குனிந்தால் பாதி ஆள் வெளியே வந்துவிடுவார். புதுத்துணி தைப்பது எங்கள் வேலையில்லை. கால்சட்டையின் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, மெலிந்தவர்களுக்குப் பிடித்துவிடுவது. மெலிந்து வந்தவர்கள் குறைவு.

தைப்பவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை. அவர் காலமான பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சேர்ந்து கடையை நடத்தினோம். சேர்ந்து என்றால், அவள் தைப்பாள், நான் பேசுவேன். எனக்கு ஊசியில் நூல் கோத்தாலே கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் எந்த வாடிக்கையாளரின் மருமகள் எந்த மாமியாருடன் பேசுவதில்லை என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

கடைக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தம். எங்கள் பிழைப்பே அதுதான். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள், பாருங்கள். சட்டையைக் குனிந்து பார்ப்பார்கள், பித்தான் தொங்கும். நிமிர்ந்து பார்ப்பார்கள், எங்கள் கடை தெரியும்.

பிறகு ஊருக்கு வெளியே பெரிய மால் வந்தது. ஜனம் அந்தப் பக்கம் திரும்பியது. வீதியில் கடைகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. ஒருநாள் மெஷினுக்கு எண்ணெய் விட்டபடியே நாத்தனார் பேச்செடுத்தாள்.

"அண்ணி, மால்ல இருக்கிற சலவைக்கடைக்காரர் மறுபடியும் சொல்லி அனுப்பியிருக்கார். மெஷினைத் தூக்கிட்டு வந்தா போதுமாம். மூலையில இடம், தலைக்கு மேல ஏசி."

"என்னையும் வரச் சொன்னாரா?"

"பேசறதுக்கு அங்க ஏற்கெனவே ஸ்பீக்கர் மாட்டியிருக்காங்களாம்."

அவள் போனால் கடை போகும். அது போகட்டும், சாயங்காலம் நான் யாரோடு சண்டை போடுவேன்? சுவரோடு சண்டை போடலாம்தான். ஆனால் சுவர் விட்டுக்கொடுத்துவிடும்.

"அவசரப்படாதம்மா. வீதி மறுபடி நிமிரும்" என்றேன்.

"மழைக்காலம் முடியற வரைக்கும் பார்க்கறேன். நிமிரலைன்னா நான் கிளம்பறேன்" என்றாள். அவள் வாயில் வந்துவிட்டால் அது தையல் போட்ட மாதிரி. பிரிக்க வராது.

அந்த வாரமே வந்து சேர்ந்தது நகர மைய உயிரூட்டல் குழுமம். அதற்கு ஒரு அதிகாரி இருந்தார். கழுத்தை ஒட்டிய காலர், கையில் சுருட்டிய பெரிய காகிதம். நாத்தனார் அவருக்கு முதல் நாளே 'உயிரூட்டி' என்று பெயர் வைத்துவிட்டாள். கடைக்காரர்கள் எல்லோரையும் குழுமத்தின் கூடத்துக்கு அழைத்துப் பிஸ்கட் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

"இந்த வீதியில் உயிர் இல்லை என்பதை எங்கள் ஆய்வு ஐயமின்றி நிரூபித்திருக்கிறது" என்று உயிரூட்டி தொடங்கினார்.

பூட்டுச் சாவி செய்கிற சாவிக்காரர் எழுந்தார். "ஐயா, நாங்க இருக்கோமே?"

"நீங்கள் இருக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் நிகழவில்லை."

சாவிக்காரர் தன்னைத்தானே குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு உயிரூட்டி அந்தக் காகிதத்தை விரித்துச் சுவரில் மாட்டினார். அடடா, என்ன படம்! எங்கள் வீதிதான், ஆனால் பல் விளக்கிக் குளித்துப் பவுடர் போட்ட எங்கள் வீதி. வண்ண வண்ண நாற்காலிகள். பலூன் பிடித்த ஒரு சிறுமி. நாயைப் பிடித்தபடி ஒருவர். நடுவில், மஞ்சள் நாற்காலியில், வெள்ளைத் தலையோடு ஒரு கிழவி வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அது நான்தான் என்று எனக்குப் பட்டது. மூக்குக்கூட என் மூக்கு. என்னைப் பார்த்தே வரைந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் "ஆதரிப்பவர்கள்…" என்று வாயெடுப்பதற்குள் கையைத் தூக்கினேன். எதற்கு என்று கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. தூக்கிய கைக்குப் பரிசாக அங்கேயே என்னைச் 'சமூகக் குரல்' ஆக்கி, கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள். குளிக்கும்போது மட்டும் அதைக் கழற்றினேன். தூங்கும்போது அது குத்தும். குத்தினால் குத்தட்டும், பதவி என்றால் சும்மாவா?

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் படத்தின் பிரதியைக் காட்டினேன். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"இதுல பஸ் ஸ்டாப் எங்க அண்ணி?"

"பஸ் புகை விடும்மா. படம் அழுக்காயிடும்."

"நம்ம கடை எங்க?"

நானும் தேடினேன். "பலூனுக்குப் பின்னாடி இருக்கு" என்றேன்.

"ரொம்ப பெரிய பலூன்தான்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போனாள்.

வேலை மளமளவென்று நடந்தது. பேருந்து நிறுத்தத்தைப் பிடுங்கி மால் வாசலில் நட்டார்கள். கூரை போனது, நிழல் போனது, வந்து நின்ற ஜனமும் போனது. அந்த இடத்தில் இரும்பு நாற்காலிகளைத் தரையோடு சேர்த்துத் திருகினார்கள். வெயில் ஏறினால் அவை தோசைக்கல்லைப் போல் சூடேறும். உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் உடனே நிகழ்ந்துவிடுவார்.

திறப்பு விழா முடிந்தது. மறுநாள் வீதியில் ஒரு ஆள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. உயிரூட்டி கலங்கவில்லை. கடைக்காரர்களைத் திரட்டித் தன் கொள்கையை விளக்கினார்.

"கூட்டம்தான் கூட்டத்தை இழுக்கும். இது விஞ்ஞானம். ஆனால் முதல் கூட்டம் எங்கிருந்து வரும்? இங்கேதான் சமூகம் தேவைப்படுகிறது. தினமும் மாலையில் நீங்கள் கடையை அடைத்துவிட்டு வந்து பொதுவெளியில் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்."

முடிதிருத்துகிறவர் மீசையைத் தடவினார். "சார், சாயங்காலம்தான் கொஞ்சம் வியாபாரம். கடையை மூடிட்டா…"

"கடைக்கு ஆள் வரவேண்டுமா, வேண்டாமா?"

"வரணும் சார்."

"அப்படியானால் கடையை மூடுங்கள்."

இதில் ஏதோ ஒன்று இடித்தது, செல்வங்களே. எங்கே இடித்தது என்று யோசிப்பதற்குள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கிற்றே. "சார் சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு விட்டேனா? ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, "மூடுங்க, மூடுங்க, அப்பதான் முன்னேறலாம்" என்று நானே ஷட்டரை இழுத்துவிட்டேன்.

அதன் பிறகு விழாவுக்கு மேல் விழா. ஒருநாள் 'வீதியோடு பேசுவோம்'. நாங்கள் தரையைக் குனிந்து பார்த்து நலம் விசாரித்தோம். வீதி பதில் சொல்லவில்லை. அதற்கும் ஒரு குழு போட்டார்கள். இன்னொரு நாள் 'சேர்ந்து மூச்சுவிடுவோம்'. தனியாகவே விட்டுப் பழகியவர் ஆதலால் செருப்புக்கடைக்காரருக்குத் தலை சுற்றியது. எப்போதாவது யாராவது வழிதவறி வந்து, அடைத்த கடையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பார்கள்.

"ஏம்மா, கடையெல்லாம் ஏன் மூடியிருக்கு?"

"கடைக்கு ஆளுங்களை வரவழைக்கிறோம்."

"நான்தான் வந்திருக்கேனே?"

"அப்படித் தனியா வரக்கூடாதுங்க. கூட்டமா வரணும்."

அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

நாத்தனார் மட்டும் ஒருநாளும் வந்து உட்காரவில்லை. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, உள்ளே விளக்குப் போட்டுத் தைத்துக்கொண்டே இருப்பாள். மெஷின் சத்தம் வெளியே கேட்கும். உயிரூட்டி முகம் சுளிப்பார். "அந்த ஓசை சூழலோடு ஒட்டவில்லை, அம்மா. சமூகக் குரல் என்ற முறையில் நீங்கள் கண்டிக்க வேண்டும்." நான் ஷட்டருக்கு அடியில் குனிந்து, "கொஞ்சம் மெதுவா தையேன்" என்பேன். "கொஞ்சம் மெதுவா சிரியுங்க, அங்க கேக்குது" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் மேலதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. வீதி படத்தைப்போல இருக்கிறதா என்று அவர் சரிபார்ப்பாராம். உயிரூட்டி படத்தை விரித்துவைத்துக்கொண்டு ஆள் தேடினார். பலூன் பிடிக்கச் சிறுமி வேண்டும். எங்கள் வீதியில் சிறுமி யாரும் இல்லை. அவர்கள் எல்லோரும் மாலில் இருந்தார்கள். "பலூன்தான் முக்கியம்" என்று அதை முடிதிருத்துகிறவர் கையில் கொடுத்தார். பெரிய மீசையோடு அவர் துள்ளிக்குதித்துப் பழகியதைப் பார்க்க நெஞ்சு வலித்தது. சாவிக்காரருக்கு நாய். அது பழைய இரும்புக் கிடங்கைக் காவல் காக்கிற நாய். பலூனைப் பார்த்த நொடியில் அதற்கும் அதற்கும் தீராப்பகை. எனக்கு மஞ்சள் நாற்காலி.

மேலதிகாரி வந்தார். ஒரு கையில் படம், ஒரு கையில் குடை. படத்தைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார்.

"நாய் இடதுபக்கம் பார்க்க வேண்டும்."

நாயைத் திருப்பினார்கள். அது மறுபடி பலூனையே பார்த்தது. பலூனை இடதுபக்கம் நகர்த்தினார்கள், பிரச்சினை தீர்ந்தது.

"கிழவி?"

"இங்கிருக்கேன் சார்" என்றேன். நாற்காலி கொதித்தது. பல்லை இளித்தேன். படத்திலிருந்தவள் எப்படித்தான் உட்கார்ந்தாளோ!

அந்த நேரம் பார்த்து ஓர் இளம்பெண் கையில் கறுப்புக் கோட்டோடு மூச்சிரைக்க வந்தாள். பஸ் இல்லாததால் மால் வாசலிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"அம்மா, இந்தத் தையல்கடை திறந்திருக்கா? கோட்டோட உள்பக்கத் துணி கிழிஞ்சிடுச்சு. நாளைக்குக் காலையில வேலைக்கு இன்டர்வியூ. என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

என் கடை பத்தடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய் ஷட்டரைத் தட்டியிருக்கலாம். ஆனால் மேலதிகாரி படத்தில் என் மூக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இளித்த பல்லை மூடாமலே சொன்னேன்: "உக்காரும்மா. இப்ப உக்காந்தா கூட்டத்துல ஒரு ஆள் கூடும்."

"எனக்குத் தைக்கணும்மா."

"முதல்ல சிரி. அப்புறம் தைக்கலாம்."

அவள் கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். மெஷின் சத்தம் நின்றது. ஷட்டருக்கு அடியில் நாத்தனாரின் இரண்டு கால்கள் தெரிந்தன. அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

மேலதிகாரி மேடையேறினார். "பாராட்டுகிறேன். பொதுமக்கள் எவரும் வராமலேயே இந்தப் பொதுவெளி இவ்வளவு சிறப்பாக இயங்குகிறது. மக்கள் வந்திருந்தால் இந்த ஒழுங்கு சாத்தியமாகியிருக்காது. அடைத்த கடைகள் கண்ணுக்கு எவ்வளவு அமைதியாக இருக்கின்றன! திறந்திருந்தால் கவனம் சிதறியிருக்கும். ஒரு வீதி வாழ்வதற்கு இங்கே பிழைப்பு நடத்துகிறவர்கள் தடையாக இருக்கக் கூடாது என்பதை நீங்கள் உலகுக்குக் காட்டிவிட்டீர்கள்." நாங்கள் கைதட்டினோம். நான்தான் முதலில் தட்டினேன். அவ்வருடத்தின் சிறந்த வீதி என்ற விருது எங்களுக்குத்தான்.

கடைக்குள் போனபோது நாத்தனார் மெஷினைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? மழைக்காலம் முடியற வரைக்கும்னு சொன்னியே. இன்னும் ஒரு மழைகூட சரியா பெய்யலையே."

"எனக்கு முடிஞ்சிடுச்சு அண்ணி."

"விருது வந்திருக்குடி!"

"அதை வச்சு அந்தப் பொண்ணோட கோட்டைத் தைக்க முடியுமான்னு பாருங்க."

வண்டி வந்தது, மெஷின் போனது, மால் பக்கமே ஓர் அறை பார்த்துக்கொண்டு அவளும் போனாள். நான் கடையில் தனியாக உட்கார்ந்தேன். வந்த ஒரே வேலையை விட மனமில்லாமல் ஒருவரின் கால்சட்டையைக் கையாலேயே மடித்துத் தைத்தேன். முடித்து நிமிர்ந்தால், அதை என் ரவிக்கைக் கையோடு சேர்த்துத் தைத்திருக்கிறேன். பிரித்துவிட ஆள் இல்லை. கையில் கால்சட்டை தொங்கத் தொங்கச் சாவிக்காரரிடம் போனேன். "பூட்டுன்னா திறப்பேன். இதுக்கு நீங்க உங்க நாத்தனாரைத்தான் கூட்டிட்டு வரணும்" என்றார். சாயங்காலம் வீட்டில் குழம்பில் உப்பில்லை. இல்லை என்று சொல்லிக் காட்ட ஆளில்லாததால் அப்படியே சாப்பிட்டேன்.

விருது பெற்றவர்களைச் சும்மா விடுவார்களா? மால் நிர்வாகம் உயிரூட்டியை அழைத்துக்கொண்டது. அங்கே கூட்டம் இருக்கிறதாம். ஆனால் அது வெறுமனே வாங்கிக்கொண்டு போகிறதாம். அதில் ஆன்மா இல்லையாம். அவர் எனக்கும் சொல்லி அனுப்பினார்: அனுபவமுள்ள சமூகக் குரல் ஒன்று தேவை. எனக்கு ரோசம் இருந்திருந்தால் மறுத்திருப்பேன். இஸ்திரி போட்ட சேலையைக் கட்டி, அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாமே என்ற ஆசையும் உண்டு. ஆனால் அட்டைதான் முன்னால் போனது.

மாலுக்குள் நுழைந்தால், எல்லாம் பழகின இடம் மாதிரி இருந்தது. பாதிக் கடைகள் அடைத்திருந்தன. வாசலில் பேருந்து நிற்கிற இடத்தில் நாற்காலிகளைத் திருகிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கூரைக்குக் கீழே, ஒரு மஞ்சள் நாற்காலியில் என் நாத்தனார். அவளைச் சுற்றி உயிரூட்டியும் ஆட்களும்.

"சிரியுங்கள் அம்மா. இங்கே சிரிக்கும் கிழவி நீங்கள்தான். சலவைக்கடை உங்களை அனுப்பியிருக்கிறது."

"எனக்கு நாலு ஜிப் பாக்கி இருக்குங்க."

"ஜிப் அப்புறம். மகிழ்ச்சி முதலில்."

அவள் உதட்டை இழுத்தாள். ஊசியை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. அவள் சிரித்து நான் பார்த்தது என் கல்யாணத்தன்று, அதுவும் நான் தடுக்கி விழுந்தபோது. உயிரூட்டி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"வாருங்கள், வாருங்கள்! இவருக்குக் கொஞ்சம் செய்து காட்டுங்கள்."

நான் நாத்தனார் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகை நிமிர்த்தினேன். தலையை இடதுபக்கம் சாய்த்தேன். மேலதிகாரியே ஒப்புக்கொண்ட அந்தச் சிரிப்பை எடுத்து முகத்தில் மாட்டினேன்.

நாத்தனார் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. "அண்ணி… இதைத்தான்… இத்தனை மாசமா… வெயில்ல உக்காந்து…" வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சுத் திணறத் திணறச் சிரித்தாள். எனக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு கிழவிகளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்த சிரிப்பில் மால் முழுக்க எதிரொலித்தது. அடைத்த கடைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. என்னவோ ஏதோ என்று நிஜமான கூட்டமே கூடிவிட்டது.

உயிரூட்டி பதறினார். "அம்மா, அம்மா, நிறுத்துங்கள்! படத்தில் சத்தம் கிடையாது!"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க அண்ணி, மெஷினை ஒரு பக்கம் பிடிங்க."

இருவரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். பாரம் என் பக்கம்தான் அதிகம் இருந்தது. அவள் வேண்டுமென்றே அப்படிப் பிடித்தாள். வழியில் கேட்டேன்: "ஏசியை விட்டுட்டு வர்றியே?"

"ஏசி இருந்துச்சு. திட்டறதுக்குத்தான் ஆள் இல்லை" என்றாள்.

அட்டையை நான் எப்போது தொலைத்தேன் என்று எனக்கே தெரியாது. அவளைக் கேட்டால் தெரியும், கேட்கவில்லை.

மால் வாசலில் நிற்க இடமில்லாத பேருந்து ஓட்டுநர்கள் பழைய பழக்கத்தில் எங்கள் கடைக்கு முன்னாலேயே நிறுத்தத் தொடங்கினார்கள். ஜனம் வந்தது. சாயங்காலம் வெயில் தணிந்ததும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தது. சட்டையைக் குனிந்து பார்த்தது. நிமிர்ந்து எங்கள் கடையைப் பார்த்தது. கோட்டுக்காரப் பெண்கூட ஒருநாள் இறங்கினாள். வேலை கிடைத்துவிட்டதாம், அன்றைக்கு ராத்திரியே கோட்டை மாலில் தைத்துக் கொடுத்தது நாத்தனார்தானாம். என்னைப் பார்த்து மட்டும் அவள் சிரிக்கவே இல்லை. அது நியாயம்தான்.

இந்தச் சேதி எப்படியோ குழுமத்துக்கு எட்டியது. புது அதிகாரி ஒருவர் வந்தார். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து அதிர்ந்துபோனார். அன்றே வீதி நடுவில் கனமான ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்: 'எச்சரிக்கை. இப்பொதுவெளி மக்களுக்காகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. பொதுமக்கள் இங்கே அமரக் கூடாது.'

நான் பயந்துபோய் நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவள் வந்து பலகையைச் சுற்றிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். நல்ல உறுதியான இரும்பு. உள்ளே போய், இஸ்திரி போட்ட கால்சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து அதன்மேல் வரிசையாகத் தொங்கவிட்டாள். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. அன்று முதல் எங்கள் கடை எது என்று யாரும் கேட்டதில்லை.

அவ்வளவுதான், என் கண்ணுகளே. நேரமாயிற்று, வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டுக்கு ஆட்கள் தாமாக வரட்டும்; வந்தவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து உங்கள் நாற்காலிகள் தேய்ந்து போகட்டும். உங்கள் வீட்டுச் சிரிப்பில் சத்தம் இருக்கட்டும். குழம்பில் உப்பு குறைந்தால் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர் என்றைக்கும் உங்களோடு இருக்கட்டும்.